மாடத்தியின் பெல்

பகல் 44 மணி 10 நிமிடம். கல் 40, மேற்குச் சாவடி.

எழுதுபவர்: உலகம்மாள், சாலைக்காரி. வயது 58. ஊர்: கிணற்றூர். துணை: இல்லை.

சாவடிக் கருவிகளில் உள்ள எண்களைத் தனித்தாளில் எழுதிவிட்டேன். கூரைத் தகடு ஒன்று ஆடியது, கம்பி போட்டுக் கட்டினேன். பின்டயரில் ஒரு கண்ணாடிச் சில்லு குத்தியிருந்தது. ட்யூபைக் கழற்றி ஒட்டுப் போட்டதில் புறப்பட இரண்டு மணி நேரம் தாமதம். செயினைத் துடைத்துக் கரித்தூள் தடவினேன். எண்ணெய் போட்டால் தூசி வந்து அப்பிக்கொள்ளும்.

காற்று: கிழக்கிலிருந்து, எதிர்காற்று, பலம்.

கிணற்றூர் 160 கிலோமீட்டர். நான்கு கிலோமீட்டருக்கு ஒரு கல். 56 மணிக்கு ஊர் வாசலில் இருப்பேன்.

குறிப்பேடு புது ஆள் கையில் கிடைத்தாலும் புரியவேண்டும், அதனால் விதிகளை முதலில் எழுதவேண்டும் என்பது ஊர்க்கூட்டத்தின் உத்தரவு. எழுதுகிறேன்.

இந்த உலகத்தில் பகல் அறுபது மணி நேரம், இரவும் அறுபது. இரவுக் குளிரில் வெளியே நிற்கிற உயிர் அரைமணி நேரம்கூடத் தாங்காது. இங்குள்ள தூசியில் காந்தம் உண்டு. எந்த மோட்டாராக இருந்தாலும் அதன் வயிற்றில் போய் அடைத்துக்கொள்ளும். ஆகையால் சைக்கிள்.

இரண்டு பேராகத்தான் போகவேண்டும். முன்னால் போகிறவள் காற்றை வாங்குவாள். பின்னால் வருகிறவள் அவள் முதுகுக்குப் பின்னே ஒண்டிக்கொண்டு பாதிப் பலத்தில் மிதித்து வருவாள். பிறகு மாற்றிக்கொள்வார்கள். முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. சாலை ஒரு முழம் தப்பினால் பள்ளம். தலை திரும்பினால் ஹேண்டில்பாரும் திரும்பும். அதனால் கண்ணுக்குப் பதில் பெல். பின்னால் வருகிறவள் இரண்டு அடித்தால், இருக்கிறேன். முன்னால் போகிறவள் ஒன்று அடித்தால், வா. யார் மூன்று அடித்தாலும், நில்.

ஊர்க் கதவும் இரண்டு பெல்லுக்குத்தான் திறக்கும். தூசியில் வாசலில் நிற்கிறவர் முகம் தெரியாது.

என் துணை மாடத்தி மதினி, என் அண்ணன் பெண்சாதி. பதினொரு வருடம் ஒன்றாக ஓட்டினோம். எட்டு மாதத்துக்கு முன்னால் ஏழு வளைவு இடுக்கில் காணாமல் போனாள். அன்று நான் எழுதிய குறிப்பு: "கல் 17. பின்னால் பெல் நின்றது. இறங்கித் தேடினேன். இல்லை."

அதற்குப் பிறகு தனியாகத்தான் ஓட்டுகிறேன்.

பகல் 45 மணி 20 நிமிடம். கல் 36, பெரிய மேசை.

தலையைச் சீவிவிட்டதுபோல் தட்டையாக நிற்கும் இந்தக் குன்றுகளை மேசை என்போம். ரேடியோ மேசை மேல்தான் எடுக்கும். இடுக்குக்குள் இறங்கினால் செத்துவிடும்.

மிதிமானி: 208.

மிதிமானியைப் பற்றி எழுதவேண்டும். பெடலை மிதிக்கிற பலத்தை எண்ணாகக் காட்டும். அதற்குப் பேட்டரி கிடையாது. மிதிக்கிற மிதியிலேயே உயிர் பிடித்துக்கொள்ளும். மேசை மேல் நான் எங்கே மிதித்தாலும் அந்த எண் ஊர் ரேடியோ அறைப் பலகையிலும் தெரியும். செய்தவள் என் மகள் வயிற்றுப் பேத்தி செவ்வந்தி. இருபத்து மூன்று வயது. தூசிக்கு இது தாங்காது என்று ஊரில் படித்த ஆம்பளைகள் மூன்று பேர் சொன்னார்கள். மூன்று பேர் பெயரும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ரேடியோவில் வந்தது, அப்படியே:

"ஆச்சி, கேக்கா?"

"கேக்கு. சொல்லுளா."

"எரநூத்தி எட்டு மிதிக்கே. இந்த வயசுல என்னத்துக்கு? மெதுவா வா."

"மெதுவா வந்தா ஒம் புருசனா வந்து காத்தை வாங்குவான்?"

"எனக்கே இன்னும் புருசனக் காணும். அவன் வந்து மொதல்ல ஒனக்குத்தான் காத்து வாங்கணுமாக்கும்!"

"கேட்டுல இன்னைக்கு யாரு?"

"நாந்தான். கீர கடஞ்சு வச்சிருக்கேன். வந்து ரெண்டு அடி, தொறக்கேன்."

சூரியன் முதுகுப் பக்கம். என் நிழல் எனக்கு முன்னால் நீளமாகப் போகிறது. சாலை நல்ல நிலையில் இருக்கிறது.

பகல் 49 மணி 40 நிமிடம். கல் 20, ஏழு வளைவு இடுக்கின் வாய்.

தண்ணீர் குடிக்க நின்றேன். மிதிமானி 211. முழங்காலில் வலி, பெரிதாக இல்லை.

இரண்டு பக்கமும் சிவப்புப் பாறை நிமிர்ந்து நிற்கிறது. நடுவில் சாலை ஒரு நாடாவைப் போல வளைந்து இறங்குகிறது. இங்கே காற்று குழாயில் வருவதுபோல் வரும்.

ஒரு சிறு விஷயம். கல் 21 தாண்டியதும் என் பெல் தானாக அடித்தது என்று நினைத்தேன். பள்ளம் மேட்டில் குதித்தால் சில நேரம் அடிக்கும். இறங்கித் திருகாணியைப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருக்கிறது.

இடுக்குக்குள் போகிறேன்.

பகல் 50 மணி 45 நிமிடம். கல் 17.

நின்றிருக்கக் கூடாது. இடுக்கில் நிற்கக் கூடாது என்பது விதி. இருந்தாலும் நின்று எழுதுகிறேன்.

பின்னால் பெல் அடிக்கிறது. இரண்டு.

என் பெல் இல்லை. என் பெல் கணீரென்று இருக்கும். இது கீறல் விட்ட பெல். முதல் அடி நன்றாக விழும், இரண்டாம் அடி சப்பென்று விழும். இந்த உலகத்தில் அப்படி ஒரு பெல்தான் இருந்தது. மாற்றிக்கொள் என்று மாடத்தியிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "எங்கையால வாங்குனது, எங்கூடத்தான் வரும்" என்பாள்.

இரண்டாம் வளைவில் கேட்டது. நான் திரும்பவில்லை. பத்தொன்பது வருடப் பழக்கம், கழுத்து திரும்பாது. ஆனால் என் கட்டைவிரலும் பத்தொன்பது வருடப் பழக்கத்தில் இருக்கிறது. நான் யோசிக்கும் முன்னாலேயே அது ஒன்று அடித்துவிட்டது.

வா என்று சொல்லிவிட்டேன்.

நாலாம் வளைவில் மிதி லேசானது. இறக்கமில்லை. காற்றும் குறையவில்லை, பாறை மேல் ஊளையிட்டுக்கொண்டுதான் இருந்தது. என் மேல்தான் விழவில்லை. மிதிமானியைப் பார்த்தேன். 141.

சைக்கிள் ஓட்டுகிறவளுக்கு இதற்கு அர்த்தம் சொல்லித் தரவேண்டியதில்லை. மாடத்தியின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வந்தபோதெல்லாம் எனக்கு இந்த எண்தான் வரும். எனக்கு முன்னால் யாரோ காற்றை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

முன்னால் பார்த்தேன். ஆறடி தூரத்தில் தூசி இரண்டாகப் பிளந்து சாலையின் இரு ஓரமும் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

பிரேக் பிடித்தேன். பிளந்த தூசியும் நின்று மூடிக்கொண்டது. இப்போது பின்னால் மறுபடி இரண்டு. கட்டைவிரலைத் துணியால் ஹேண்டில்பாரோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.

பகல் 52 மணி 10 நிமிடம். கல் 13, இரட்டை மேசை.

இடுக்கை விட்டு வெளியேறிவிட்டேன். ஏற்றத்திலும் மிதி லேசாகவே இருந்தது. ஏற்றிவிட்டுப் போகிறார்கள், பெண்ணை மறுவீட்டுக்கு அழைத்துப் போவதுபோல.

ரேடியோ:

"ஆச்சி, யார் முன்னால போறா?"

"யாரும் இல்ல."

"பொய் சொல்லாத. எரநூறுல வந்துக்கிட்டிருந்தே. மேசை ஏத்தத்துல நூத்தி நாப்பதுங்கு. எதிர்காத்துல ஆவாது. மோட்டார் கீட்டார் வச்சு ஏமாத்துதியா?"

"ஒன் கருவி கெட்டுப் போச்சு போல."

"எங் கருவி கெடாது. நீதான சொல்லுவே ஊரெல்லாம்."

பொத்தானை அழுத்தியபடியே, பின்னால் பெல் கேட்கிறதா என்று காதுகொடுத்தேன்.

"ஆச்சி? மூச்சுச் சத்தம் மட்டுந்தான் வருது."

"ஒண்ணுமில்லளா. காத்து கொறஞ்சிருக்கு."

"சரி. எனக்கு இப்பக் கிணத்து முறை. அம்பத்தஞ்சுக்குத்தான் திரும்ப ரேடியோகிட்ட வருவேன். பெறவு நீ வாரதுதான். ரெண்டு அடி, என்ன?"

அவ்வளவுதான். அணைத்துவிட்டாள்.

பகல் 52 மணி 25 நிமிடம். அதே இடம்.

காற்று குறையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னேன். எட்டு மாதமாகச் சொல்கிற பொய்யின் வால் இது. தலையையும் எழுதிவிடுகிறேன்.

கல் 17-இல் பெல் நின்றது என்று நான் எழுதியது பொய். பெல் நிற்கவே இல்லை.

அன்று மாடத்திக்குத் தொடை பிடித்துக்கொண்டது. பகல் முடிகிற நேரம், இருட்டு துரத்திக்கொண்டிருந்தது. நீ பின்னால் ஒண்டிக்கொண்டு வா, வீடு வரைக்கும் நான் இழுத்துப் போகிறேன் என்றேன். எனக்கு என் காலின் மேல் அவ்வளவு திமிர். இடுக்கில் இறங்கினோம். பின்னால் இரண்டு அடித்தாள், நான் ஒன்று அடித்தேன். இடுக்கு முடிந்தது. இரண்டு, ஒன்று. எங்கேயும் நிற்கவில்லை. ஐம்பத்தாறு கிலோமீட்டர், இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று, ஊர் வாசல் வரை.

வாசலில் நான் இரண்டு அடித்தேன். கதவு திறந்தது. சைக்கிளை உள்ளே தள்ளிவிட்டு அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். வெளியே தூசி. மாடத்தி இல்லை. சைக்கிளும் இல்லை. கூப்பிட வாயைத் திறந்தேன். கைக்கெட்டும் தூரத்தில், ஒன்றுமே இல்லாத அந்தத் தூசிக்குள்ளிருந்து கீறல் பெல் இரண்டு அடித்தது.

நான்தான் கதவைச் சாத்தினேன். இரண்டு தாழையும் நான்தான் போட்டேன். அன்றைக்கும் வாசல் முறை செவ்வந்திக்கு. "மாடத்தி ஆச்சி பெல் கேக்குதே?" என்றாள். காற்று என்றேன். இரவு வந்துவிட்டது.

விடிந்து திறந்தபோது வாசலில் ஆள் தடம், டயர் தடம் எதுவும் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அன்று வரைக்கும் துணையைத் தொலைக்காத ஒரே சாலைக்காரி நான். நான் தெருவில் போனால் சின்னப் பெண்கள் எழுந்து நிற்பார்கள். அவ்வளவு தூரம் ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லையா என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வேன்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. தூசி கண்ணை மறைத்திருந்து, வெளியே நின்றது உண்மையில் மாடத்தியாகவே இருந்திருந்தால்? நான் யாரை வெளியே வைத்துச் சாத்தினேன்?

எழுதிவிட்டேன். ரேடியோவில் கூப்பிட்டேன், நாலு தடவை. எடுக்கவில்லை. கிணற்றடியில் இருப்பாள்.

பின்னால் இரண்டு. இப்போது பக்கத்தில் கேட்கிறது.

பகல் 53 மணி 10 நிமிடம். கல் 11, பிரிவு.

முடிவு செய்துவிட்டேன். 55 வரை இரட்டை மேசையிலேயே காத்திருக்க முடியவில்லை, அது நெருங்கிவிட்டது; இனித் திரும்பிப் போனால் அதன் மேல்தான் முட்டவேண்டும்.

வலது சாலை ஊருக்குப் போகிறது, 44 கிலோமீட்டர். அந்தச் சாலையில் இனி மேசை இல்லை, ரேடியோ எடுக்காது. நான் போய் வாசலில் இரண்டு அடிப்பேன். செவ்வந்தி திறப்பாள். எனக்குப் பின்னால் வருவது உள்ளே வரும். உள்ளே நூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள்.

இடது சாலை முதல் முதலில் வந்தவர்கள் போட்ட பழைய சாலை. உடைந்து கிடக்கிறது. 22 கிலோமீட்டரில் பழைய மேசை, அதோடு சாலை முடிந்துவிடும். அங்கே ரேடியோ எடுக்கும். 56-க்குப் போய்ச் சேர்ந்தால் செவ்வந்தி ரேடியோ பக்கத்தில் இருப்பாள். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். என் பேச்சைக் கேட்டால் அவள் எந்தப் பெல்லுக்கும் திறக்கமாட்டாள்.

அங்கிருந்து இருட்டுக்குள் ஊருக்குத் திரும்ப முடியாது. தெரியும். கணக்குப் பார்க்க அஞ்சாம் வகுப்பு போதும்.

செவ்வந்தி கதவைத் திறக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கட்டைவிரல் கட்டை அவிழ்த்துவிட்டேன். பழைய சாலையில் திரும்பியதும் ஒன்று அடிப்பேன். வா என் பின்னே. வேண்டிய மட்டும் வா.

பகல் 54 மணி 40 நிமிடம். பழைய சாலை. கல் இல்லை.

விழுந்துவிட்டேன். இடது மணிக்கட்டு வீங்குகிறது, உடையவில்லை என்று நினைக்கிறேன். தூசிக்குப் போடுகிற முகமூடி சரியாக இருக்கிறது. சைக்கிள் சரியாக இருக்கிறது. ரேடியோவின் மேல் விழுந்தேன். பேசுவதற்கு அழுத்தும் பொத்தான் நொறுங்கி உள்ளே போய்விட்டது. கேட்கும், பேச முடியாது. ஊசியால் நெம்பிப் பார்த்தேன், கம்பியே அறுந்திருக்கிறது.

ஏன் விழுந்தேன் என்பதையும் எழுதவேண்டும்.

பாறைத் திருப்பத்தில் மாடத்தியின் சைக்கிள் நிற்கிறது. சாலை நடுவில், ஸ்டாண்டு போட்டு, ஒழுங்காக. எட்டு மாதத் தூசியில் அது முக்கால்வாசி புதைந்திருக்கவேண்டும். ஒரு பொட்டுத் தூசி இல்லை. கேரியரில் அவள் சாக்குப்பை மடித்த மடிப்பு கலையாமல் இருக்கிறது. டயரில் காற்றுகூட இருக்கிறது, அமுக்கிப் பார்த்தேன்.

ஹேண்டில்பாரில் பெல் மட்டும் இல்லை. பிய்த்த அடையாளம் இல்லை. இரண்டு திருகாணியும் கழற்றி, பக்கத்தில் ஒரு கல்லின் மேல் வரிசையாக வைத்திருக்கிறது.

மதினி, மன்னித்துவிடு.

பின்னால் இரண்டு. நான் ஒன்று அடித்தேன். வருகிறது. வரட்டும்.

பகல் 56 மணி 5 நிமிடம். பழைய மேசை.

மேலே வந்துவிட்டேன். கிழக்கே வெறும் தூசி. அதற்குள் எங்கேயோ ஊர்.

ஏற்றத்தின் பாதியில் நெஞ்சு வெடித்துவிடும்போல் மூச்சு வாங்கியது. வயதாகிவிட்டது என்று நினைத்தேன். மிதிமானியைப் பார்த்தேன். 214.

காற்று முழுவதும் என் மேல் விழுகிறது.

எப்போதிருந்து? கல் 11-இலிருந்துதான் இருக்கவேண்டும். நான் பின்னால் வருகிற பெல்லையே எண்ணிக்கொண்டு வந்தேன். முன்னால் தூசி பிளக்கிறதா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்தது என்னோடு திரும்பவில்லை. அது நேராகப் போய்விட்டது.

அதற்கு வழி தெரியும். எட்டு மாதத்துக்கு முன்னால் ஐம்பத்தாறு கிலோமீட்டர் வா வா என்று சொல்லி அழைத்துப் போய்க் காட்டிக்கொடுத்தவள் நான்.

கல் 11-இலிருந்து வாசல் வரைக்கும் மூன்று மணி நேரம். மூன்று மணி நேரம் ஆகிவிட்டது.

56 மணி 12 நிமிடம்.

ரேடியோ:

"ஆச்சி! வந்துட்டியா! சொன்ன நேரத்துக்கு வந்து நிக்கே பாரு. ரெண்டு அடிச்சது கேட்டுச்சு. இரு, எண்ணை எழுதிட்டு எறங்கி வாரேன். கீர ஆறிப் போச்சு."

கத்தினேன். அந்தப் பெட்டியை உலுக்கிக் கத்தினேன். அதற்குக் கேட்காது.

ரேடியோ அறை கதவுக்கு மேலே. பதினெட்டுப் படி. இறங்கும் முன்னால் என் கடைசி எண்ணை நோட்டில் எழுதுவாள். ஒவ்வொரு தடவையும் எழுதுவாள், அப்படிப்பட்ட பெண். அதற்குப் பலகையைப் பார்க்கவேண்டும்.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பின்பிரேக்கை முந்தானைக் கிழிசலால் பாதி இறுக்கிக் கட்டினேன், மிதிக்குப் பாரம் வேண்டுமே. பெடலைக் கையால் சுற்றுகிறேன். மானியில் 60 வருகிறது. போதும்.

மூன்று சுற்று, நிறுத்தம். மூன்று சுற்று, நிறுத்தம்.

பெல் அடித்தால் இவை கேட்டுக் கற்றுக்கொள்ளும். மிதிக்குச் சத்தம் கிடையாது.

மூன்று. நில். நில் மக்கா, நில்.

56 மணி 30 நிமிடம்.

ரேடியோ. நடுவில் நடுவில் நின்று நின்று பேசினாள்.

"ஆச்சி... நீ கேட்டுலல்லா நிக்கே. எண்ணு ஏன் ஓடுது?"

பிறகு:

"அறுபது, அறுபது, அறுபது, சுன்னம். அறுபது, அறுபது, அறுபது, சுன்னம்."

நான் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"மூணு. நில்லுங்கியா? ஆச்சி, நீ வெளியதான் இருக்கியா? பெல்லு கேட்டதும் ஒரு தாழ எடுத்துட்டுத்தான் மேல வந்தேன். இரு. இரு."

ஓடுகிற காலடி. இரும்புச் சத்தம், ஒன்று. படியில் காலடி.

"போட்டுட்டேன். ரெண்டு தாழும் போட்டுட்டேன். கீழ ரெண்டு ரெண்டா அடிச்சுக்கிட்டே இருக்கு ஆச்சி. ஒம் பெல்லு மாதிரியே அடிக்கு. அப்படியே ஒம் பெல்லு."

என் பேத்தி பலகையைப் பார்த்தாள். கெட்டிக்காரி. இதை வாசிக்கிறவர்கள் அந்த மூன்று ஆம்பளைகளிடம் போய்ச் சொல்லுங்கள்.

57 மணி 50 நிமிடம்.

விட்டு விட்டுச் சுற்றுகிறேன். இடது கை ஆகாது, வலது கையால் சுற்றி, நிறுத்தி எழுதி, மறுபடி சுற்றுகிறேன். அவள் பேசுகிறாள். நான் இருக்கிறேன் என்று தெரிவதற்குச் சுற்றுகிறேன்.

"ஊரக் கூட்டிட்டேன் ஆச்சி. இனி யாரு பெல்லுக்கும் தொறக்க மாட்டோம். எண்ணு வந்தாத்தான் கதவு. நீ வந்து வாசல்ல நின்னு மூணு மிதி மிதி. பலகையில பாத்துட்டுத் தொறக்கேன். மிதிப்பேல்லா?"

மூன்று சுற்றினேன். வேறென்ன செய்ய.

"எங்க இருக்கே? பொழுது எறங்குதே."

அதற்கு எண் இல்லை.

"ஆச்சி, ஒண்ணு கேக்கட்டா. அன்னைக்கும் இப்படித்தான கேட்டுச்சு. மாடத்தி ஆச்சி பெல்லு. நீ காத்துன்னே. காத்து இல்லியா?"

ஒன்று என்றால் வா. இரண்டு என்றால் இருக்கிறேன். மூன்று என்றால் நில். பொய் சொன்னேன் என்பதற்கு எங்களிடம் எண்ணிக்கை இல்லை.

கையை எடுத்துவிட்டேன். மானியில் சுன்னம். அவளுக்குப் புரிந்திருக்கும். அழுகிற சத்தம் வந்தது. பிறகு, "சரி ஆச்சி. சுத்து. நிறுத்தாத" என்றாள்.

59 மணி 5 நிமிடம்.

குளிர் வந்துவிட்டது. மேசையின் விளிம்பு ஊதா நிறமாகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, சொன்னால் யார் நம்புவார்கள்.

பின்னால் இரண்டு. ஏற்றத்தின் அடியில் கேட்டது, பாதியில் கேட்டது, இப்போது மேலே. நான் பதில் அடிக்கவில்லை. என் பெல்லைக் கழற்றிப் பள்ளத்தில் எறிந்துவிட்டேன். திருகாணியையும்.

திரும்பிப் பார்க்கவில்லை. பயம்தான். மாடத்தியாக இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம்.

எடுக்கிறவர்களுக்கு: நோட்டை இந்த மேசையில் மட்டும் நிற்கிற பழைய கல்லின் அடியில் உள்ள பெட்டியில் வைப்பேன். கல் 17 என்று நான் எழுதிய குறிப்பை அடித்துவிடுங்கள். முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கவேண்டும். விதியை மாற்றுங்கள். விழுந்தாலும் பரவாயில்லை, பாருங்கள்.

59 மணி 40

சூரியன் ஒரு கீற்று. விரல் மடங்கவில்லை. முழங்கையால் பெடலைத் தள்ளுகிறேன். 22. 19. அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள், ரேடியோவில் கேட்கிறது, சின்னப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல.

மூன்று.

பெல் நின்றுவிட்டது. கொஞ்ச நேரமாகப் பின்னால் சத்தமில்லை. போய்விட்டது என்று

மூன்று.

எதிர்காற்று என் மேல் விழவில்லை.

பெல். பின்னால் இல்லை. எனக்கு முன்னால், விளிம்புக்கு அந்தப் பக்கம், சாலையே இல்லாத இடத்தில். கீறல் பெல்.

இரண்டு அடிக்கவில்லை.

ஒன்று.